குலுக்கல்

சர்க்கரைக்கென்று கண்டுபிடித்த மருந்து.
இத்வலுக்குச் சர்க்கரை கிடையாது.
நடுக்கம்தான்.

மூளைக்குள் வாடிக்கொண்டிருக்கும் அணுக்களை
இது காப்பாற்றுமா என்று பார்க்கிறோம், என்றார்
லிவர்பூல் டாக்டர்.
பார்க்கிறோம் என்ற அந்த ஒரு சொல்லை
வேல்ஸ் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்,
சூடு ஆறக் கூடாத பொட்டலம் மாதிரி.

பாதிப் பேருக்கு மருந்து.
பாதிப் பேருக்கு மருந்தின் வேஷம்.
யாருக்கு எது என்று
ஆய்வு நர்ஸ் லவ்ரிக்கும் தெரியாது.
கணினி குலுக்கிப் போட்ட சீட்டு.

வெள்ளிதோறும்
வெண்ணெய்க்குப் பக்கத்திலிருந்து எடுத்து
கால் மணி நேரம் மேசையில் வைக்க வேண்டும்.
பிறகு உள்ளங்கையில் தட்டித் தட்டிக் குலுக்க வேண்டும்,
எண்பது தடவை,
அடியில் பொடி தங்காமல்.
'அதற்கு என்னைவிட்டால் ஆள் ஏது?'
கையை நீட்டினார் இத்வல்.

முப்பது வருடம் பேருந்து ஓட்டிய வலக்கை,
மூன்று வருடமாகத் தேநீர்க் கோப்பைக்கும் ஆகாத கை,
வாரத்தில் ஒரு நாள்
வேலைக்குப் போய்வந்தது.
நான் எண்ணுவேன்.
அறுபதைத் தாண்டியதும் வேண்டுமென்றே தப்பாக எண்ணுவேன்.
அவர் திருத்துவார்.
தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி,
ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது,
குத்துவது மட்டும் என் பங்கு.

பக்கத்து வீட்டு ஹெத்வினுக்கும் இதே ஊசி.
அவருக்கு அசல் சர்க்கரை.
சர்க்கரை இறங்கியது, இடுப்பும் இறங்கியது,
சிறுநீரக டாக்டர் சிரித்தே விட்டாராம்.
இப்போது செம்மறிகளின் பின்னால்
மூச்சு வாங்காமல் மேடேறுகிறார்.
மருந்துக்கடையில் சரக்கு வராத மாதம்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
மழையைப் பற்றிப் பேசினார்,
ஆட்டு விலையைப் பற்றிப் பேசினார்,
கடைசியில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு
'உங்களிடம் ஒன்று உபரியாக...' என்றார்.
எங்களுடையது மருந்துதானா என்றே தெரியாதே ஹெத்வின்!
மூன்று பேரும் சிரித்தோம்.
அவர் வெறுங்கையோடு போனார்.

ஏழாம் மாதம் இத்வலின் கால்சட்டை நழுவியது.
ஆணியைச் சூடாக்கி
பெல்ட்டில் புதுத் துளை போட்டேன்.
பசி இல்லை என்றார்.
காலையில் குமட்டுகிறது என்றார்.
பக்க விளைவுக் காகிதத்தை எடுத்து
பரீட்சை முடிவு பார்ப்பவள் போல
ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பார்த்தேன்.
அசல்தான்! அசலேதான்!
குமட்டலுக்கு இப்படிக் கூத்தாடிய வீடு
இந்த மலையடிவாரத்தில் வேறு இருந்திருக்காது.
அக்டோபரில் ஒரு நாள்
சட்டைப் பொத்தான் ஐந்தையும் தானே போட்டார்.
பார்க்காத மாதிரி
ரொட்டியைக் கருகவிட்டேன்.

போகும் போதெல்லாம் ஒரு சுருள் வரையச் சொல்வார்கள்,
நடுவிலிருந்து வெளியே.
முதல் வருடம் நத்தை ஓடு.
பிறகு முள்வேலியில் சிக்கிய ஆட்டு ரோமம்.
கடைச் சீட்டில் அவர் எழுதிய 'முட்டை'
எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது.
நான் சொல்லவில்லை.
லவ்ரியும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கடிதம்.
முதல் பக்கத்தில்:
இரு பிரிவினருக்கும் வித்தியாசம் தென்படவில்லை, நன்றி.
இரண்டாம் பக்கத்தில்:
உங்கள் சீட்டில் விழுந்தது மருந்து அல்ல.

மெலிவு, நோயினுடையது.
குமட்டல் யாருடையது என்று எழுதவில்லை.
அந்த ஐந்து பொத்தான்களைப் போட்டது யார் என்றும்.

இத்வல் கடிதத்தை மடித்தார். மடிப்பு கோணியது.
'எண்பது தடவை வீதம் நூற்றுச் சொச்சம் வெள்ளி.
ஒன்றுமில்லாததை இவ்வளவு நன்றாகக் கலக்கியவன்
இந்த ஜில்லாவில் நான்தான்.'

இன்று வெள்ளி.
ஹெத்வின் வீட்டில் விளக்கு எரிகிறது, ஊசி நேரம்.
மேசை மேல் இந்தக் கை
தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.
மீன் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து
வினிகர் புட்டியை அதில் வைக்கிறேன்.
எண்ணத் தொடங்குகிறேன்.
போதும் நெஸ்டா, ஊறிவிடும், என்கிறார்.
கை நிறுத்தவில்லை.